நம்ம வீட்டு குரூப்: கொடைக்கானல் பஞ்சாயத்து

அம்மா (8:12): இவன் சனிக்கிழமை ஃப்ரெண்ட்ஸோட கொடைக்கானல் போறானாம். நாலு பேரு, ஒரு கார். பெரியவங்க யாராச்சும் எடுத்துச் சொல்லுங்க.

அத்தை (8:15): போகட்டும் விடுங்க மதினி. குணா குகைப் பக்கம் மட்டும் போகாம இருந்தா சரி. மஞ்சும்மல் பாய்ஸ் படம் பார்த்ததுல இருந்து அந்தப் பேரைக் கேட்டாலே வயித்தைக் கலக்குது.

நான் (8:16): அங்க வேலி போட்டு அடைச்சுட்டாங்க அத்தை. தள்ளி நின்னு பார்க்கலாம், அவ்வளவுதான்.

அக்கா (8:17): அந்தப் பசங்களும் வேலியைத் தாண்டித்தானடா போனாங்க. 2006ல நிஜமாவே நடந்தது.

பெரியப்பா (8:21): முன்னாடி அதுக்கு டெவில்ஸ் கிச்சன்னுதான் பேரு. கமல் படத்துக்கு அப்புறம்தான் குணா குகை. 1991 தீபாவளிக்கு குணாவும் தளபதியும் ஒரே நாள்ல வந்துச்சு. நான் முதல்ல போனது தளபதிக்கு. நட்புன்னா ரஜினி, மம்மூட்டி. அதுக்கு மேல எவன் எடுத்தான்?

அக்கா (8:24): அது நட்பா பெரியப்பா? செஞ்சோற்றுக் கடன். கர்ணன் கதைதானே.

பெரியப்பா (8:25): நட்புல கடன் இருக்கக் கூடாதா?

அக்கா (8:31): இருக்கட்டும். ஆனா மஞ்சும்மல்ல எவனும் "உனக்காக உயிரையே குடுப்பேன்டா"ன்னு டயலாக் விடல. ஆரம்பத்துல கல்யாண வீட்டுல வடம் இழுக்குற போட்டி வரும்ல, நான் அதைச் சும்மா ஜாலிக்குன்னு நினைச்சேன். கடைசியில குழிக்குள்ள விழுந்த ஃப்ரெண்டைத் தூக்க சௌபின் கயித்தைக் கட்டிக்கிட்டு உள்ள இறங்குறாரு, மேல அதே பசங்க கை இழுக்குது. நடுவுல மழைத்தண்ணி குழிக்குள்ள போகக் கூடாதுன்னு தரையில படுத்து உடம்பாலயே அணை கட்டுவாங்க பாருங்க, அங்கதான் அழுதேன். அப்புறம் கண்மணி பாட்டு வேற.

அத்தை (8:34): இதெல்லாம் கேட்க நல்லா இருக்கு. நான் மதுரைக்காரி, எனக்கு சுப்பிரமணியபுரம் படம்தான் ஞாபகம் வரும். பரமன் கடைசி வரைக்கும் காசியை நம்புனான்ல? கூடவே சுத்துனவன், கூடவே குடிச்சவன். காசுக்கு வித்துட்டான்.

அம்மா (8:35): அதைத்தான் நானும் சொல்றேன்.

நான் (8:36): அம்மா, என் ஃப்ரெண்ட்ஸ்ல காசி யாரும் இல்ல.

அம்மா (8:36): பரமனும் அப்படித்தான் நினைச்சான்.

அக்கா (8:37): 🤣🤣🤣

பெரியப்பா (8:40): படத்தை விடுங்க. வண்டி யார் ஓட்டுறது? வத்தலக்குண்டு தாண்டிட்டா பூரா கொண்டை ஊசி வளைவு. லைசென்ஸ் எடுத்து எத்தனை மாசம் ஆச்சு?

நான் (8:43): ஃப்ரெண்டுதான் ஓட்டுறான். அவன் எடுத்து ஆறு மாசம்.

அம்மா (8:43): ஐயோ.

பெரியப்பா (8:44): பகல்லயே ஏறிடுங்க, பகல்லயே இறங்கிடுங்க. மலைக்கு வண்டி போக இ-பாஸ் எடுத்தாச்சா?

நான் (8:44): ஓட்டுறவன் எடுத்துட்டான் பெரியப்பா.

அம்மா (8:45): எடுத்துட்டேன்னு சொன்னானா, நீ பார்த்தியா?

நான் (8:45): அவன் மேல நம்பிக்கை இருக்கும்மா.

அக்கா (8:46): போன் போட்டுக் கேளுடா.

நான் (8:52): கேட்டேன். நான் எடுத்திருப்பேன்னு அவன் நினைச்சுட்டு இருந்தானாம்.

அக்கா (8:52): அடப்பாவிகளா. வடம் இழுக்க ஆளே இல்ல போல 🤣

அத்தை (8:54): வண்டி நம்பரை அனுப்புடா, நானே எடுத்துத் தர்றேன்.