ஷேக்கிளுக்கு ஒரு தமிழ்ச்சொல்: கமான் பட்டைக் கையேட்டுக்காக

தருமபுரியிலிருந்து:

நண்பர்களுக்கு வணக்கம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி ஐ.டி.ஐ. மாணவர்களுக்காக எழுதிவரும் கமான் பட்டைக் (லீஃப் ஸ்பிரிங், வண்டியின் எடையைத் தாங்கும் வளைந்த எஃகுப் பட்டை அடுக்கு) கையேடு ஒரே ஒரு சொல்லில் முட்டி நிற்கிறது. ஷேக்கிள். பட்டறையில் 'சாக்கிள்' என்போம், எல்லாருக்கும் புரியும். ஆனால் மலைப்பாதைக்காக ஜீப்பை உயர்த்த நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது இந்தப் பாகத்தில்தான். அதன் வேலை என்ன என்பதைப் பெயரே சொல்லிவிட்டால் பாதித் தவறு நடக்காது.

அகராதிகள் 'விலங்கு', 'தளை' என்கின்றன. இரண்டும் கட்டிப்போடுவது. நம் பாகம் செய்வது நேர்மாறு. பட்டையின் இரு முனையிலும் சுருட்டிய வளையம் உண்டு, அதுதான் கண். ஒரு கண் சேஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) 'பின்' (pin) என்ற ஆணி போட்டு நிலையாக இருக்கிறது. பாரம் ஏறினால் வளைவு நிமிர்கிறது, இரு கண்களுக்கும் இடையே உள்ள தூரம் கூடுகிறது. அந்தக் கூடுதல் தூரத்துக்கு இடம்கொடுத்து நகர்வதுதான் ஷேக்கிள். இரண்டு கண்ணையும் சேஸில் நேரடியாகப் பூட்டிவிட்டால் பட்டை நிமிர வழியில்லை; மெயின் பிளேட் (கண்கள் உள்ள முதல் பட்டை) கண்ணோரம் உடையும், அல்லது பிராக்கெட் பிய்ந்து வரும்.

'ஊஞ்சல் கொண்டி' என்று வைக்கலாமா? முன்னும் பின்னும் ஆடுகிறது, மேலே சேஸில் மாட்டியிருக்கிறது. கருத்துச் சொல்லுங்கள்.

ஓசூரிலிருந்து:

> மேலே சேஸில் மாட்டியிருக்கிறது

ஐயா, கண்ணுக்குத் தொங்குவதுபோலத் தெரிகிறது. பாரம் எந்த வழியாக இறங்குகிறது என்று பாருங்கள். சேஸின் எடை மேல் பின்னை அழுத்துகிறது. அங்கிருந்து ஷேக்கிளின் தகடு வழியாகக் கீழ் பின்னுக்கு வந்து, பட்டையின் கண்மேல் உட்காருகிறது. ஜீப்பிலும் நாம் அன்றாடம் பார்க்கும் பெரும்பாலான சிறு வண்டிகளிலும் இப்படித்தான். ஷேக்கிள் இழுபடுவதில்லை, அழுத்தப்படுகிறது. அதாவது அது தொங்கவில்லை, பட்டையின்மேல் நிற்கிறது.

சேஸில் உள்ள பின் கீழேயும் பட்டைக் கண் மேலேயும் அமைந்த வண்டிகளும் உண்டு. அங்கே மட்டும்தான் சேஸ் உண்மையாகவே ஷேக்கிளில் தொங்குகிறது. ஆகவே 'ஊஞ்சல்' என்பது அந்த ஒரு வகைக்கே பொருந்தும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தொங்கும் பொருளை எந்தப் பக்கம் தள்ளினாலும் நடுவுக்குத் திரும்பிவிடும். நிற்கும் பொருள் திரும்பாது, சாய்ந்த பக்கமே விழும். ஜீப்பின் பின்பக்க ஷேக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி சும்மா நிற்கும்போது கீழ் முனை பின்னோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும், அதாவது பட்டையின் நிலையான முனையிலிருந்து விலகி. பாரம் ஏற ஏற அது மேலும் பின்னே போகும். அதுதான் சரியான ஓட்டம். பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது பட்டை வளைந்து சுருங்கி, கீழ் முனையை முன்னே இழுக்கும். ஷேக்கிள் நேர்குத்தைத் தாண்டி முன்பக்கம் சாய்ந்துவிட்டது என்று வையுங்கள். திரும்ப எடை இறங்கும்போது கீழ் முனை பின்னே போகாது, இன்னும் முன்னேதான் போகும். ஷேக்கிள் புரண்டு சேஸை ஒட்டி மாட்டிக்கொள்ளும். ஜாக்கி வைத்துச் சேஸைத் தூக்கி, கடப்பாரையால் நெம்பினால்தான் பழைய நிலைக்கு வரும்.

ஊஞ்சல் என்று படித்த மாணவனுக்கு இது ஏன் புரள்கிறது என்று விளங்கவே விளங்காது. அந்தச் சொல் வேண்டாம்.

பென்னாகரத்திலிருந்து:

ஓசூர்க்காரர் சொன்ன புரளலுக்கு எண்ணையும் சேர்த்துக் கையேட்டில் போடுங்கள். ஷேக்கிளை நீட்டுகிறவர்கள் பார்க்காமல் விடுவது அதைத்தான்.

மேல் பின்னின் மையத்திலிருந்து கீழ் பின்னின் மையம்வரை 75 மி.மீ. உள்ள ஷேக்கிள், நேர்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்து நிற்கிறது என்றால் கீழ் முனை 37.5 மி.மீ. விலகியிருக்கிறது. அதே பட்டைக்கு 125 மி.மீ. ஷேக்கிளைப் போட்டால் விலகல் ஏறக்குறைய அதேதான், நீளம் மட்டும் கூடியிருக்கிறது. சாய்வு 17 பாகை சொச்சத்துக்கு இறங்கிவிடும். நேர்குத்துக்கு அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது. கூடவே பட்டையைப் பட்டறையில் கொடுத்து வளைவு ஏற்றியும் வாங்கினால் கண் தூரம் குறைந்து இன்னும் நேராகும். நீளத்தையும் வளைவையும் ஒரே நேரத்தில் கூட்டிய வண்டிதான் அலகட்டு மாதிரியான மலைப்பாதையில் முதல் பள்ளத்திலேயே புரட்டிக்கொள்ளும்.

இவ்வளவுக்கும் கிடைக்கும் உயரம் என்ன? 50 மி.மீ. நீட்டினால் வண்டி உயர்வது 25 மி.மீ. மட்டுமே. பட்டையின் ஒரு முனைதான் இறங்குகிறது, அச்சு (ஆக்ஸில்) நடுவில் இருக்கிறது, ஆகவே பாதி. '2 இன்ச் ஷேக்கிள் போட்டேன், 2 இன்ச் தூக்கும்' என்ற எண்ணம் இன்றுவரை போகவில்லை.

முன்பக்கம் இதைவிட ஆபத்து. பழைய மஹிந்திரா ஜீப்பில் முன் பட்டையின் ஷேக்கிள் முன் முனையில் இருக்கிறது, நிலையான முனை பின்னே. ஷேக்கிளை நீட்டினால் பட்டையின் முன் முனை தாழ்ந்து, அச்சு முன்பக்கம் உருளும். 36 இன்ச் பட்டையில் 2 இன்ச் நீட்டி, பின்பக்கமும் அதே உயரம் தூக்கினால் அச்சு 3 பாகைக்குச் சற்று மேலே சுழலும். முன்பக்கம் மட்டும் தூக்கினால் சேஸே மேல்நோக்கிச் சாய்வதால் சுமார் 2.5 பாகை. அந்த வண்டிக்கு இருக்க வேண்டிய கேஸ்டரே (முன் சக்கரம் திரும்பும் அச்சாணியின் பின்சாய்வு) 3 பாகை. ஏறக்குறைய மொத்தமும் போய்விடும். வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாகத் திரும்பாது, நேர் ரோட்டில் வண்டி அலையும். காட்டுக்குள் மெதுவாகப் போகையில் இது தெரியாது. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் 60-இல் வரும்போது தெரியும்.

திருத்த வழி, அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே ஆப்பு வைப்பது. இதற்கு நமக்கு நல்ல சொல்லே இருக்கிறது, தேட வேண்டாம். ஜீப்பில் பட்டை அச்சுக்குக் கீழே இருப்பதால் ஆப்பின் தடித்த பக்கம் முன்னோக்கி வர வேண்டும். பட்டையை அச்சுக்கு மேலே மாற்றிய வண்டியில் தடித்த பக்கம் பின்னோக்கி. மாற்றி வைத்தால் மிச்சம் இருக்கிற கேஸ்டரும் போகும். ஆப்பு எஃகாக இருக்கட்டும், அலுமினியம் நசுங்கும். பட்டை அடுக்கைக் கோக்கும் நடு போல்ட்டை ஆப்பின் தடிமனுக்கு ஏற்ப நீளமானதாக மாற்ற வேண்டும், இல்லையென்றால் அதன் தலை அச்சின் குழியில் உட்காராமல் அச்சு நகரும்.

அரூரிலிருந்து:

'நிற்கிறது' என்றால் 'கால்' என்ற சொல் இருக்கிறதே. பந்தக்கால், கட்டில்கால் எல்லாம் மேலே உள்ள பாரத்தைக் கீழே இறக்குபவை. 'ஆடுகால்' என்று வைக்கலாம். சித்தேரி மலைக்கு ஜீப் ஓட்டுகிறவர் காதிலும் ஒட்டும்.

கிருஷ்ணகிரியிலிருந்து:

'கால்' நன்றாக இருக்கிறது. 'ஆடுகால்' வாயில் சொல்லும்போது 'ஆட்டுக்கால்' என்று விழும். பட்டறைச் சத்தத்தில் அது போதும், சொல் நிலைக்காது. 'அசைகால்' என்று மாற்றிப் பாருங்கள்.

பெயரில் 'பட்டை', 'தகடு' என்ற சொற்கள் வேண்டாம் என்பது என் வேண்டுகோள். 'பட்டை' என்றால் ஏற்கெனவே கமான் பட்டை. மேலும் எல்லா ஷேக்கிளும் இரண்டு தகடு அல்ல. பழைய ஜீப்பில் யு வடிவத்தில் வளைத்த ஒரே கம்பி, இரு முனையிலும் மரை (திருகுப் புரி), அதில் ஏறும் மரை புஷ் (உள்ளே மரை வெட்டிய உருளை உறை). அதில் வலமரையும் உண்டு, இடமரையும் உண்டு. தெரியாமல் இடமரைப் புஷ்ஷை வழக்கமான திசையில் கழற்ற முயன்றால் இன்னும் இறுகி, மரை வழுக்கிவிடும். புஷ்ஷை முட்டும்வரை இறுக்கிவிட்டாலும் அசையாமல் பிடித்துக்கொள்ளும். ஷேக்கிள் கையால் ஆட்டினால் ஆட வேண்டும், கிரீஸ் அடித்தால் இரு ஓரத்திலும் வெளிவர வேண்டும்.

தகடு வகை செய்கிறவர்களுக்குக் கையேட்டில் இதையும் சேருங்கள். தகடு 10 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். ஓட்டையைக் கேஸ் சுடரால் வெட்டாமல் டிரில்லில் போட வேண்டும். இரண்டு தகட்டையும் ஒன்றாகக் கிளாம்ப் பிடித்து ஒரே முறையில் துளைத்தால் மைய தூரம் மாறாது. மாறினால் பின் ஆணி கோணலாகி ஒரு பக்கப் புஷ் மட்டும் தின்னப்படும். போல்ட்டின் வலிமைத் தரம் 8.8 அல்லது அதற்கு மேல், தலையில் எண் பொறித்திருக்கும். தகட்டின் ஓட்டைக்குள் போல்ட்டின் வழுவழுப்பான உடல் பகுதிதான் இருக்க வேண்டும், மரை இருக்கக்கூடாது. மரைப் பள்ளத்தில்தான் விரிசல் பிறக்கும்.

பழைய ஷேக்கிளை நடுவில் அறுத்துத் துண்டு வைத்து வெல்டிங் அடிப்பது நம் பக்கம் நிறைய நடக்கிறது. வெல்டிங் ஓரத்தில் எஃகின் தன்மை மாறி, அங்கேதான் பிளக்கும். கமான் பட்டையில் வெல்டிங் வைப்பது அதைவிட மோசம். அது சூடேற்றி, எண்ணெயில் குளிர்வித்துப் பதப்படுத்திய எஃகு. ஒரு பொட்டு வைத்தாலே அந்த இடம் கண்ணாடி மாதிரி உடையக்கூடியதாக ஆகும்.

நீட்டிய ஷேக்கிள் பக்கவாட்டிலும் சாயும். வளைவில் வண்டியின் உடம்பு நகர்வதுபோல உணர்வு வந்தால் காரணம் இதுதான். இரண்டு தகட்டுக்கும் நடுவே குறுக்குத் துண்டு ஒன்றை வெல்டிங் வைத்துப் பெட்டிபோல ஆக்க வேண்டும். அது பட்டைக் கண்ணில் இடிக்காத இடமா என்று முழு ஓட்டத்துக்கும் ஆட்டிப் பார்த்த பிறகே வெல்டிங்.

மாட்டும்போது ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம். சேஸுக்கு ஸ்டாண்டு, அச்சுக்குத் தனியாகத் தள்ளு ஜாக்கி. ரப்பர் புஷ் உள்ள வண்டியில் போல்ட்டை விரலால் ஏற்றிவிட்டு, சக்கரத்தில் எடை இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் அந்த நிலையைப் பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் முறுக்கேறி, சில மாதத்தில் கிழியும். புதுப் புஷ் வாங்கியும் கிழிகிறதே என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் செய்வது இதைத்தான். அச்சைப் பட்டையோடு சேர்த்துப் பிடிக்கும் யு போல்ட்டைக் கழற்றியிருந்தால் புதிதே போட வேண்டும், ஒருமுறை இறுகி நீண்டது மறுபடி பிடிமானம் தராது. பிறகு ஒரு சக்கரத்தை மட்டும் மேடேற்றி, எதிர்ப்பக்கம் முழுதாகத் தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, ஷாக் அப்சார்பர் கடைசிவரை நீண்டு அதுவே பாரம் தாங்குகிறதா, ஷேக்கிள் நேர்குத்தைத் தாண்டுகிறதா என்று மூன்றையும் பாருங்கள்.

சட்டத்தையும் ஒரு வரி போட வேண்டும். தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாகப் பதிவுச் சான்று விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 தடுக்கிறது.

தருமபுரியிலிருந்து:

'அசைகால்' எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு ஐயம். சேஸ் தொங்கும் வகையில் ஷேக்கிள் இழுபடுகிறதே, அதையும் 'கால்' என்றால் ஓசூர் ஐயா எழுப்பிய அதே சிக்கல் திரும்ப வராதா?

ஓசூரிலிருந்து:

வராது. மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மரம். சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்தின் பாரத்தை நிலத்துக்கு அழுத்தி இறக்குகிறது. சைக்கிள் சக்கரத்தின் ஆரக்கால் மெல்லிய கம்பி. அது இழுவிசையில் மட்டுமே வேலை செய்கிறது. இரண்டையும் தமிழ் ஒரே பெயரால்தான் அழைக்கிறது, யாரும் குழம்பவில்லை. வகை பிரிக்க வேண்டிய இடத்தில் 'அழுத்த அசைகால்', 'இழு அசைகால்' என்று எழுதுங்கள். நான் மறுத்தது ஊஞ்சல், தொங்கல் என்று ஒரு பக்கத்தை மட்டும் பெயரிலேயே எழுதிவிடுவதை.

இன்னொரு வசதியும் கிடைக்கிறது. பட்டையின் இரு முனைக்கும் 'நிலைமுனை', 'அசைமுனை' என்று பெயர் தானாக அமைகிறது. 'அசைமுனை நிலைமுனையிலிருந்து விலகிச் சாய்ந்திருக்க வேண்டும்' என்ற ஒரே வாக்கியம் முன் பட்டைக்கும் பின் பட்டைக்கும் பொருந்தும். முன்னே, பின்னே என்று வண்டிக்கு வண்டி மாற்றி எழுத வேண்டியதில்லை.

பென்னாகரத்திலிருந்து:

சம்மதம். பின்பக்கத்துக்கும் ஒரு குறிப்பு விட்டுப்போயிற்று. பின்பக்க அசைகாலை நீட்டினால் பினியன் மூக்கு (பின் அச்சில் ஷாஃப்ட் வந்து சேரும் முனை) மேலே தூக்கும். இரண்டு ஜாயின்ட் உள்ள ஷாஃப்டில் பினியன் ஃபிளாஞ்சும் (இணைப்பு வட்டும்) டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) ஃபிளாஞ்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். 1 பாகைக்கு மேல் பிசகினால் வேகத்தில் அதிர்வு வரும், ஜாயின்ட் சீக்கிரம் போகும். இங்கேயும் ஆப்புதான் மருந்து. கோணமானி வைத்து அளந்த பிறகு எத்தனை பாகை ஆப்பு என்று முடிவு செய்யுங்கள்.

தருமபுரியிலிருந்து:

அப்படியானால் கையேட்டில் இப்படிப் போகிறது:

அசைகால்: கமான் பட்டையின் அசைமுனையைச் சேஸோடு இணைத்து, பட்டை நிமிரும்போதும் வளையும்போதும் முனை நகர இடம்கொடுக்கும் பாகம். தகடு, யு கம்பி, வார்ப்பு ஆகிய வடிவங்களில் வரும். நீளம் என்பது மேல் பின்னின் மையத்திலிருந்து கீழ் பின்னின் மையம்வரை. பட்டறை வழக்கு: ஷேக்கிள், சாக்கிள்.

நேர்குத்தைத் தாண்டி மாட்டிக்கொள்வதற்கு 'அசைகால் புரளல்'. புஷ், யு போல்ட், கேஸ்டர் மூன்றும் இப்போது இருக்கிறபடியே இருக்கட்டும். படத்தில் சும்மா நிற்கும் நிலை, முழுப் பாரம், முழுத் தொங்கல் என்று மூன்று நிலைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வரைகிறேன். பாரம் இறங்கும் வழியை அம்புக்குறியால் காட்டுகிறேன். கிருஷ்ணகிரி நண்பர் யு கம்பி வகையின் வலமரை, இடமரை அடையாளத்தைப் படத்தோடு அனுப்பினால் அடுத்த பக்கத்தில் சேர்த்துவிடலாம்.