கல்லூரியில் பியானோ சேருமுன் கை இறுக்கம் போக என்ன செய்யலாம்?

குழித்துறை_கீபோர்டு:

எல்லாருக்கும் வணக்கம். ப்ளஸ் டூ முடிஞ்சாச்சு. ஜூலையில சென்னையில மேற்கத்திய இசைப் படிப்புல சேருறேன், பியானோதான் முதன்மைக் கருவி. இசைத் தேர்வுல கிரேடு 5 வரை முடிச்சிருக்கேன். ஆனா வாசிச்சதெல்லாம் 61 கீ கீபோர்டு. சபையில (சர்ச்சுல) பாட்டுக்கு வாசிக்கிறதும் அதுலதான். இப்பம் வீட்டுக்கு 88 கீ, ஹேமர் ஆக்‌ஷன் (நிஜப் பியானோ மாதிரி சுத்தியல் கனம் தர்ற கீ) உள்ள டிஜிட்டல் பியானோ வந்திருக்கு. ஸ்கேல் (ஏறி இறங்குற ஸ்வர வரிசை) கொஞ்சம் வேகமெடுத்தா முன்கையோட மேல்பக்கம் இறுகிப்போகுது. சுண்டுவிரல் தானா தூக்கிட்டு நிக்குது. பெருவிரல் மற்ற விரலுக்கு அடியில போகும்போது முழங்கை வெளிய துள்ளுது. விரலுக்குப் பலம் வரணும்னா ஹானன் பயிற்சியை (விரலுக்கான பழைய பியானோ பயிற்சிப் புத்தகம்) விரலை நல்லா உயர்த்தி வாசிக்கணும்னு சொன்னாங்க. செஞ்சதுல இறுக்கம் கூடியிருக்கு. எதை முதல்ல மாத்தணும்? அண்ணன்மார், அக்காமார் யாராவது சொல்லுங்க.

பாறசாலை_பியானோ:

தம்பி, விரலை உயர்த்துற அந்தப் பயிற்சியை இன்னைக்கே நிறுத்துங்க. பலம் உங்களுக்குக் குறையவே இல்ல. ஒரு கீயைச் சத்தமில்லாம மெல்ல இறக்க ஏறக்குறைய 50 கிராம் எடை போதும், அது இறங்குற ஆழம் சுமார் 10 மில்லிமீட்டர். உங்க கை மட்டுமே கிலோக் கணக்குல எடை இருக்கும். அந்த எடையைச் சரியான நேரத்துல கொடுத்து, உடனே விடத் தெரியணும். அவ்வளவுதான் விஷயம்.

கீபோர்டுல கீக்கு அடியில ஸ்பிரிங்தான் இருக்கு, அழுத்த அழுத்த எதிர்த்துத் தள்ளும். அதுல பழகின கை, கீயோட அடிமட்டத்துல போய் அழுத்திக்கிட்டே நிக்கும். பியானோ அப்படி இல்ல. கீ அடியைத் தொடுறதுக்குச் சற்று முன்னாலயே சுத்தியல் விடுபட்டு கம்பியைப் பார்த்துப் போயிடும். அதுக்கு மேல எவ்வளவு அமுக்கினாலும் ஒலியில ஒரு மாத்தமும் வராது, கைதான் இறுகும். டிஜிட்டலும் அதே கணக்குதான்: கீ இறங்குற வழியிலயே சென்சார் வேகத்தை அளந்து முடிச்சிடும்.

விரலைத் தூக்குற தசை முன்கையின் மேல்பக்கம், மடக்குற தசை கீழ்ப்பக்கம். உயரத் தூக்கி அடிச்சா ரெண்டும் ஒண்ணையொண்ணு எதிர்த்து இழுக்கும், நடுவுல மணிக்கட்டு பூட்டிக்கும். மோதிர விரலோட தசைநாண் பக்கத்து விரல்களோட பிணைஞ்சிருக்கிறதால அதைத் தனியா உயர்த்த உடம்பே விடாது. வற்புறுத்தினா வலிதான் மிச்சம்.

அடுத்தது உட்காருற உயரம். கையை கீ மேல வச்சா முழங்கை வெள்ளைக் கீ மட்டத்துலயோ ஒரு விரல்கடை மேலயோ இருக்கணும். வீட்டு பிளாஸ்டிக் நாற்காலி பெரும்பாலும் தாழ்வு, அதனாலதான் தோள் ஏறும். மேல தலையணை போடாதீங்க, அமுங்கிடும். பலகையோ கெட்டியா மடிச்ச ஜமுக்காளமோ போடுங்க. இருக்கையோட முன்பாதியில உட்காருங்க, ரெண்டு பாதமும் முழுசா தரையில பதியட்டும்.

இப்போ பயிற்சி. கையை மடியில தொங்கப்போடுங்க. அதே கனத்தோட நடுவிரல் நுனியை கீ மேல வைங்க, அழுத்தாம. மணிக்கட்டைக் கொஞ்சம் உயர்த்தி, கீயோட சேர்ந்து கீழ இறங்கவிடுங்க. ஒலி வந்த அந்த நொடியே விட்டுடணும்; கீ மேல எழும்பாம இருக்கத் தேவையான கனம் மட்டும் மிச்சமிருக்கட்டும். அப்படியே வச்சுக்கிட்டு, மற்றக் கையால மணிக்கட்டைப் பிடிச்சு மேலயும் கீழயும் பக்கவாட்டுலயும் அசைச்சுப் பாருங்க. தடையில்லாம அசைஞ்சா சரி. எதிர்த்து நின்னா நீங்க இன்னும் அமுக்கிக்கிட்டுதான் இருக்கீங்க. 2, 4, 1, 5ன்னு ஒவ்வொரு விரலா இப்படியே (பெருவிரல் 1, சுண்டுவிரல் 5). கை தொளதொளன்னு ஆகணும்னு அர்த்தமில்ல. விரலோட கடைசிக் கணு உள்ளே மடங்கக் கூடாது, உள்ளங்கை வளைவு நிக்கணும், மணிக்கட்டுதான் இளகணும்.

செங்கோட்டை_லெகாட்டோ:

மேல சொன்னது முழுசும் சரி. பெருவிரல் விஷயத்தை நான் சொல்றேன்.

சி மேஜர்ல ஆரம்பிக்காதீங்க. பார்க்க எளிது, கைக்குக் கஷ்டம். பி மேஜரை எடுங்க. பியானோ இசைமேதை ஷோபான் தன் மாணவர்களுக்கு முதல்ல கொடுத்த ஸ்கேல் அதுதான். ஈ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப், பி என்ற அஞ்சு கீ மேல வலது கையை வச்சுப் பாருங்க; நீள விரல்கள் கறுப்புக் கீ மேலயும், குட்டையான பெருவிரலும் சுண்டுவிரலும் வெள்ளை மேலயும் தானா உட்காரும். வலது கை விரல் வரிசை 1 2 3, 1 2 3 4, பிறகு மறுபடி 1. இடது கை 4 3 2 1, 4 3 2 1.

முழங்கை ஏன் துள்ளுதுன்னா, கை நகராம பெருவிரல் மட்டும் உள்ளங்கைக்கு அடியில எட்டிப் பிடிக்கப் பார்க்குது. அதை மாத்துங்க. மூணாவது விரல் ஒலிக்கும்போதே முன்கை முழுசும் பக்கவாட்டுல நகர ஆரம்பிக்கணும், பெருவிரல் தன் கீக்கு மேல வந்து இறங்கணும். வேகமான ஸ்கேல்ல ரெண்டு ஸ்வரத்தையும் பெருவிரல் ஒட்டி இணைக்கணும்னு கட்டாயமில்ல. கை சரியான நேரத்துல நகர்ந்தா காதுக்கு இடைவெளி தெரியாது.

சுண்டுவிரல் தூக்குறதுக்கு முன்கைச் சுழற்சி நல்ல மருந்து. கதவுக் குமிழைத் திருப்புற மாதிரி முன்கை சுழல, 1ம் 5ம் ஆறு வெள்ளைக் கீ அகலத்துல (சி, ஏ மாதிரி) மாறி மாறி வாசிங்க. விரல் தானா ஒண்ணும் செய்யக் கூடாது. அது வந்தபிறகு 1–4, 1–3ன்னு குறுக்குங்க.

மெதுவா வாசிச்சா போதும்னு எல்லாரும் சொல்லுவாங்க. மெதுவா, ஆனா ஒவ்வொரு ஸ்வரத்தையும் அமுக்கிக்கிட்டே வாசிச்சா இறுக்கம்தான் பழகும். தாளக் கருவி மெட்ரோனோமை 60ல (நிமிஷத்துக்கு 60 அடி) வச்சு அடிக்கு ரெண்டு ஸ்வரம் வைங்க. அதோட துண்டு துண்டா வேகமும் பழகுங்க: மூணு ஸ்வரம் வேகமா, மூணாவதுல நின்னு மணிக்கட்டை இளக்குங்க. பிறகு நாலு, பிறகு அஞ்சு. நிக்கிற இடத்துல கை இளகலைன்னா ஸ்வரத்தைக் கூட்டாதீங்க.

ஒரு சின்ன விஷயம். டிஜிட்டல் பியானோவுல சத்தத்தைக் குறைச்சு வச்சா அறியாமலே ஓங்கி அடிப்போம். சத்தத்தை நடுவுக்கு மேல வைங்க, இல்லைன்னா ஹெட்ஃபோன் போடுங்க. டச் அமைப்பு ‘லைட்’ல இருந்தா ‘மீடியம்’ ஆக்குங்க. கல்லூரிப் பியானோ அவ்வளவு இலேசா இருக்காது.

கொல்லங்கோடு_ட்யூனிங்:

வலி பத்தி யாரும் சொல்லல. அசதியும் வலியும் வேற. கொஞ்ச நேரம் விட்டா போறது அசதி. குத்துற வலி, மறுநாளும் நிக்கிற வலி, மோதிர விரல் சுண்டுவிரல்ல மரத்துப்போறது — இதுல எது வந்தாலும் வாசிப்பை நிறுத்திட்டு மருத்துவரைப் பாருங்க. பந்தை அமுக்குறது, ஸ்பிரிங் கிரிப் பிடிக்கிறது எல்லாம் வேண்டாம். அது மடக்குற தசையைத்தான் இன்னும் இறுக்கும். இசையமைப்பாளர் ஷூமன் கை கெட்டுத்தான் மேடை வாசிப்பை விட்டார்.

நிஜப் பியானோவுல பழக ஏதாவது சபைக்குப் போறீங்கன்னா ஒண்ணு கவனிங்க. நம்ம பக்கம் இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) பெய்யும், துலா மழையும் (வடகிழக்குப் பருவமழை) பெய்யும். ஈரத்துல கீயோட துளைக்குள்ள இருக்கிற ஃபெல்ட் உப்பி, கீ கனக்கும், சிலது மேல எழும்பாது. கீயை மெல்ல அமுக்கி மெல்ல விடுங்க. தாமதமா எழும்பினா கோளாறு பியானோவுல, உங்க விரல்ல இல்ல. ட்யூனர் வந்தா ஒரே நாள்ல இளக்கிக் கொடுப்பார். அதுவரை அந்தப் பியானோவுல வேகம் பழகாதீங்க.

குழித்துறை_கீபோர்டு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். தினம் எவ்வளவு நேரம்? ஞாயிற்றுக்கிழமை சபையில வாசிக்கிறதை விட்டுடணுமா?

பாறசாலை_பியானோ:

விட வேண்டாம். அங்க நின்னுக்கிட்டு வாசிக்கிறீங்கன்னா ஸ்டாண்ட் உயரத்தை முழங்கை மட்டத்துக்குக் கொண்டுவாங்க. மணிக்கட்டு மடங்கினா அங்கயே இறுக்கம் ஆரம்பிச்சிடும். ஸ்பீக்கர் தூரத்துல இருந்தா தன் சத்தம் கேக்காம அடிப்போம், பக்கத்துல ஒரு மானிட்டர் கேளுங்க.

நேரம்: 20 நிமிஷம் வாசிப்பு, 5 நிமிஷம் ஓய்வு, அப்படி நாலு தடவை, காலையும் மாலையுமா பிரிச்சு. முதல் ரெண்டு வாரம் முதல் 20 நிமிஷம் ஒத்தை விரல் இறக்கம் மட்டும். பிறகு சுழற்சி, அதுக்கப்புறம் பி மேஜர், கடைசியா பாட்டு. பாட்டு கிரேடு 3, 4 அளவுல எடுங்க, ஸ்வரம் தேடுற கவலை இல்லாம கையைக் கவனிக்கலாம். புதுப் பழக்கம் வர்றதுக்குள்ள கிரேடு 5 பாட்டை வேகமா வாசிச்சா பழைய இறுக்கம் திரும்பிடும்.

கல்லூரியில பியானோ முன்னால உட்கார்ந்ததும் முதல்ல இருக்கை உயரத்தைத் திருகிச் சரி பண்ணுங்க. ஆசிரியர் காத்திருப்பார், அவசரப்படாதீங்க. ஒரு கீயை மெல்ல இறக்கிக் கனம் பார்த்துட்டு ஆரம்பிங்க.