விக்கியில் காலாவதியான பக்கங்களை என்ன செய்கிறீர்கள்?

வணக்கம். நிறுவனத்தின் உள் விக்கியை (ஊழியர்களே எழுதித் திருத்தும் தகவல் தளம்) பராமரிப்பவர்களிடம் யோசனை கேட்கிறோம்.

ஒரே வேலைக்கு மூன்று பக்கங்கள் கிடக்கின்றன. தேடினால் பழையதுதான் முதலில் வருகிறது, அதற்குத்தான் இணைப்புகள் அதிகம். ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் பொறுப்பாளர் பெயர், கடைசியாகச் சரிபார்த்த தேதி, அடுத்த தேதி மூன்றையும் போட்டோம். பொறுப்பாளர் வேறு பிரிவுக்குப் போனதும் நினைவூட்டல் மின்னஞ்சலைப் பார்க்க ஆளில்லை. பெயருக்குப் பதில் பதவியைப் போட்டோம். இப்போது உள்ளே படிக்காமலே தேதியை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். பெரிய தலைவலி இதுதான்: புதுத் தேதியைப் பார்த்துத் தவறான தகவலை நம்புகிறார்கள்.

அறிவு மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 30401 (2018) என்ற பன்னாட்டுத் தரநிலை, காலாவதியான அறிவையும் கையாள வேண்டும் என்கிறது. வழிமுறையை நிறுவனத்திடமே விட்டுவிடுகிறது.

அழிக்க மனமில்லை. ஒரு முடிவை ஏன் எடுத்தோம் என்ற காரணம் பல நேரம் பழைய பக்கத்தில்தான் இருக்கும். தேடலில் வராத காப்பகத்துக்கு மாற்றி, பழைய முகவரியைப் புதுப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது சரிவருமா? சரிபார்ப்பவர் பக்கத்தைப் பார்த்தபடி அந்த வேலையை ஒருமுறை செய்துகாட்ட வேண்டும் என்று வைத்தால், பெரிய குழுவில் நடக்குமா? மென்பொருள் எதுவானாலும் பரவாயில்லை. யார், எப்போது, எதைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள் என்று எழுதினால் பேருதவி.