217-ம் அறை ஆவியும் ஒரு மெழுகுவர்த்தியும்

நள்ளிரவான்:
கொலராடோ ஸ்டான்லி ஹோட்டலில் "1911-ல் கேஸ் வெடித்துச் செத்த பணிப்பெண்ணின் ஆவி" உலவுகிறதாம், மேலே ஒருவர் அடித்துவிட்டிருக்கிறார். எலிசபெத் வில்சன் சாகவே இல்லை ஐயா! கணுக்கால்தான் முறிந்தது. தேறி வந்து மறுபடி அங்கேயே வேலை பார்த்தார். ஆயுசு முடிந்தபிறகுதான் 217-க்கு வருகிறார் என்பது கதை. யாரையும் மிரட்டுவதில்லை, பெட்டியைப் பிரித்துத் துணி மடித்து வைப்பதோடு சரி. அன்று கையில் மெழுகுவர்த்தியோடு உள்ளே போனார், வெடித்தது.

கார்பைடு கந்தன்:
மெழுகுவர்த்தியை யார் பார்த்தது? அங்கே விளக்குக்கு வந்த கேஸ் அசிட்டிலீன், அது பற்ற 0.02 மில்லிஜூல் போதும். மீத்தேனுக்கே 0.28 வேண்டும். சுவிட்ச் பொறி தாராளம்.

நள்ளிரவான்:
கரண்டு நின்றால் எரிக்கத்தான் அங்கே கேஸ் விளக்கே வைத்திருந்தார்கள். கரண்டில்லாத சுவிட்ச்சில் பொறி பறக்குமோ? மெழுகுவர்த்திதான்.

கார்பைடு கந்தன்:
பாடம் எடுக்க வைக்கிறீர்கள். கார்பைடு கல்லில் தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் வரும், சுண்ணாம்புச் சேறு தங்கும். கிலோவுக்குச் சுமார் 300 லிட்டர் கேஸ். சேற்றை அள்ளாமல் விட்டால் வழி அடைத்து அழுத்தம் ஏறும், குழாய் இணைப்பில் கசியும். காற்றில் 2.5 சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கும், 80 வரைக்கும் வெடிக்கும். 60 கன மீட்டர் அறை என்றால் 1.5 கன மீட்டர், அதாவது 5 கிலோ கல் போதும். கல்லில் உள்ள அழுக்கால் பாஸ்பீனும் கூட வரும். பூண்டு நாற்றம் மூக்கைத் துளைக்கும். அதை மோந்துகொண்டே நெருப்போடு ஒரு பெண் நுழைவாரா?

சுடரொளி:
கேஸ் தரையோடு தங்கியிருக்கும், மூக்குக்கு எட்டாது. அதனால்தான் கீழே உள்ள சாப்பாட்டுக்கூடம் வரை தளம் பெயர்ந்தது.

கார்பைடு கந்தன்:
வந்துட்டாரய்யா! தரையில் தங்குவது எல்பிஜி. அசிட்டிலீன் காற்றைவிடக் கொஞ்சம் லேசு, அறை முழுக்கக் கலக்கும். வெடித்தால் எல்லாப் பக்கமும்தான் தள்ளும், எது பலவீனமோ அது பெயரும். போன மாதம் 237-ம் அறை என்று அடம்பிடித்தவர் நீங்கள்தானே?

சுடரொளி:
இந்த ஹோட்டலைப் பார்த்து எழுதிய கதை, 'தி ஷைனிங்' சினிமாவில் 237தான்!

கார்பைடு கந்தன்:
சினிமாவில். வெளிப்புறம் எடுத்தது ஒரிகானில் வேறொரு விடுதியில். அவர்களிடம் 217 இருந்தது, விருந்தினர் பயப்படுவார்களென்று எண்ணை மாற்றச் சொன்னார்கள். ஸ்டான்லிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

மூன்றாம்மாடி:
பேயைப் பற்றி யாராவது பேசுங்களேன். கல்யாணமாகாத ஜோடி படுத்தால் நடுவில் வந்து படுத்துக்கொள்ளுமாமே?

கார்பைடு கந்தன்:
துணி மடிக்கும், நடுவில் படுக்கும், சரி. அந்தக் காலத்துப் பேப்பர்களில் பணிப்பெண் பெயரே ஒன்றுபோல் இல்லை. பெயரே தகராறு, கையில் இருந்தது மட்டும் இவருக்குத் தெரியுமாம்.

நள்ளிரவான்:
ஐந்து கிலோ கல், ஒன்றரைக் கன மீட்டர், பூண்டு… எல்லாம் சொன்னீர்கள். எது பற்றவைத்தது என்று சொல்லவில்லையே?

கார்பைடு கந்தன்:
தெரியாது என்பதுதான் பதில்.

நள்ளிரவான்:
மெழுகுவர்த்தி.