பதில்: “குழப்பு மாறி” வேண்டாம், “பிணைவு” எப்படி?

> புற மாறியும் குழப்பு மாறியும் ஏறத்தாழ ஒன்றுதானே?

ஒன்றல்ல ஐயா. நம் கலைச்சொல் பட்டியலில் புற மாறி என்பது extraneous variable, அதாவது நாம் ஆராயாத, ஆனால் முடிவைப் பாதிக்கக்கூடிய காரணி. குழப்பு மாறி என்பது confounding variable; அதற்குத்தான் வேறு சொல் தேடுகிறோம். ஆய்வறையில் மின்விசிறி இரைகிறது. எல்லாச் சோதனை நிலைகளிலும் ஒரே மாதிரி இரைந்தால் அது வெறும் புற மாறி. விடைநேரங்கள் கொஞ்சம் சிதறும், ஆள் எண்ணிக்கையைக் கூட்டிச் சமாளிக்கலாம். ஒரு நிலையில் மட்டும் இரைந்தால், நேரம் கூடியது சாரா மாறியாலா (நாம் வேண்டுமென்றே மாற்றிப் பார்க்கும் காரணியாலா) இரைச்சலாலா என்று பிரிக்கவே முடியாது. 1000 பேரை வைத்தாலும் தீராது. அதே விசிறிதான், சாரா மாறியோடு சேர்ந்து மாறுகிறதா என்பதே கேள்வி. “குழப்பு” என்ற சொல்லில் இந்த உறவு தெரியவில்லை. ஆகவே பிணைவு, பிணைமாறி என்கிறேன்.

உளவியலாளர் ஸ்ட்ரூப் 1935இல் வெளியிட்ட சோதனையில் வைத்துப் பாருங்கள். 100 வண்ணச் சதுரங்களின் நிறத்தைச் சொல்லச் சராசரி 63.3 நொடி. பொருந்தாத மையில் அச்சிட்ட 100 நிறப்பெயர்களின் மைநிறத்தைச் சொல்ல 110.3 நொடி. எல்லாருக்கும் சதுர அட்டையை முதலில் கொடுத்தால் களைப்பும் பயிற்சியும் இரண்டாம் அட்டையோடு பிணைந்துவிடும்: களைப்பு வேறுபாட்டை ஊதிக்காட்டும், பயிற்சி சுருக்கிக்காட்டும். பாதிப் பேருக்கு வரிசையைத் திருப்பினால் இது அவிழும். ஸ்ட்ரூப்பும் அப்படித்தான் செய்தார்.

வரிசையைத் திருப்பினாலும் அவிழாத முடிச்சு ஒன்று உண்டு. சதுரத்துக்கும் சொல்லுக்கும் இடையே பொருள் முரண் மட்டுமா வேறுபாடு? ஒன்று வெறும் வடிவம், மற்றது படிக்கத்தக்க எழுத்து. முரணின் விளைவை மட்டும் அளக்க வேண்டுமானால், நிறத்தோடு தொடர்பில்லாத சொற்களை மூன்றாம் அட்டையாகச் சேர்க்க வேண்டும். தமிழில் செய்வோர் எழுத்து எண்ணிக்கையையும் ஒத்துப்போகச் செய்யுங்கள்: “பச்சை”க்கு “மேசை” சரிவராது, “குவளை” வரும்.

———

> ஆகவே பிணைவு, பிணைமாறி என்கிறேன்.

எனக்குச் சம்மதம். வேதியியலின் “பிணைப்பு” வேறு வடிவம், மோதாது. “பிணை” என்று தனியே எழுதினால் ஜாமீன் நினைவுக்கு வரும், அதைத் தவிர்ப்போம். முன்பு இங்கே வந்த “உடன்மாறி”யை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அளந்து, பகுப்பாய்வில் சேர்த்துச் சரிக்கட்டும் மாறிக்கு அந்தப் பெயர் தேவைப்படும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “முதலில் வந்தவர்களைக் கட்டுப்பாட்டுக் குழுவிலும் தாமதமாக வந்தவர்களைச் சோதனைக் குழுவிலும் சேர்த்ததால், வருகைநேரம் பிணைமாறியாயிற்று, குலுக்கல் முறையில் ஒதுக்கியிருந்தால் இந்தப் பிணைவு வந்திராது.” உறுத்தவில்லை. பட்டியலில் “பிணைவு” தலைச்சொல்லாகவும் “பிணைமாறி” அதன் கீழும் இருக்கட்டும்.