பாதிரிக்குப்பம் வீடு (குடும்பக் குழு)

ரேவதி: எழுந்தாச்சா எல்லாரும்? குமார் அண்ணன் பைக்கைக் காணோம். ராத்திரி வாசலில்தான் நின்றது.

சுமதி அத்தை: ஐயோ. கறுப்பு வண்டியா?

பாபு: அதில் ஜிபிஎஸ் இருக்கே அண்ணா?

குமார்: ஆப்பில் பார்த்தேன்டா. வண்டி மஞ்சக்குப்பத்தில் நிற்கிறதாம். நான் அங்கே போயே மூன்று வாரம் ஆகிறது.

செல்வம் மாமா: குமாரு, சிம்முக்கு எப்போ ரீசார்ஜ் செய்தாய்?

குமார்: எந்த சிம் மாமா?

செல்வம் மாமா: டிராக்கர் பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கிறது. சேட்டிலைட் உன் வண்டியைப் பார்ப்பதே இல்லை. சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் மட்டும் அனுப்பும். பெட்டி குறைந்தது 4 சேட்டிலைட்டின் சிக்னலைப் பிடித்து, ஒவ்வொன்றும் வந்துசேர எவ்வளவு நேரமானது என்று பார்த்துத் தன் இடத்தைக் கணக்கிடும். அதை உன் போனுக்கு அனுப்பத்தான் சிம். சிம் போனால் பெட்டிக்கு இடம் தெரியும், உனக்குத் தெரியாது.

பாபு: மாமா, சுருக்கமா

சுமதி அத்தை: எங்கள் கல்யாணத்தில் முகூர்த்த நேரத்தில் ஃபியூஸ் மாற்றப் போன மனுஷன். சுருக்கமா சொல்வாரா?

அன்னம் சித்தி: ராத்திரி 2 மணிக்கு அலாரம் கத்தியது. லாரி போனாலே கத்துமே என்று படுத்துவிட்டேன். மனசே ஆறவில்லை.

செல்வம் மாமா: உன்மேல் தப்பில்லை அன்னம். அதிர்வைப் பிடிக்கும் சென்சார் அது. லாரிக்கும் கத்தினால் அளவைக் குறைத்து வைக்கணும். பொய்யாகக் கத்திக் கத்தி நம் காது பழகிவிட்டது.

அன்னம் சித்தி: அப்பா சைக்கிளும் இதே வாசலில்தான் போனது. பூட்டாமல் விட்டது யாரோ

செல்வம் மாமா: பூட்டினேன். 1991-லும் சொன்னேன், இப்பவும் சொல்கிறேன்.

ரேவதி: தானே புயலில் விழுந்த வேப்பமரம் இருந்தால் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கலாம்

குமார்: அந்த சிம், டிராக்கர் விற்ற கடைக்காரர் பேரில் இருக்கு. போன் எடுக்கவில்லை.

செல்வம் மாமா: விடாமல் அடி. பேட்டரி ஒயரை அறுத்திருந்தாலும் பெட்டிக்குள் சின்ன பேட்டரி உண்டு, சில மணி நேரம் தாங்கும். இடம் தெரிந்தாலும் நீயாகப் போகாதே, போலீஸிடம் காட்டு. ஆப்பிலிருந்து இன்ஜினை நிறுத்தும் வசதி இருந்தாலும் ஓடும் வண்டியில் வேண்டாம், யாராவது அடிபடுவார்கள்.

சுமதி அத்தை: ஞாயிற்றுக்கிழமை திருவந்திபுரத்துக்கு மாலை யார் எடுத்து வருவது? குமார் பைக்கில் வருவதாகத்தானே பேச்சு

பாபு: நான் வர்றேன். பார்க்கலாம்

ரேவதி: அத்தை, இப்போ அதுவா?

சுமதி அத்தை: காதுகுத்து நிற்குமா?

செல்வம் மாமா: 112-க்கு அடித்தாயா?

குமார்: ஸ்டேஷனில்தான் நிற்கிறேன். சேசிஸ் நம்பர் கேட்கிறார்கள். ஆர்சி ஜெராக்ஸ் யாரிடமாவது இருக்கா?

அன்னம் சித்தி: பீரோவில் பார்க்கிறேன், இரு