கறுப்புப் பலகை

பாரிசுக்கு வந்து பதினோரு வருடம். மகனின் பள்ளி வாசல் சுவரில் ஒரு கறுப்புப் பளிங்குப் பலகை, தங்க எழுத்து. கட்டடத்தைத் திறந்துவைத்த யாரோ ஒரு மந்திரி பெயராக இருக்கும் என்று நம்ம ஊர்ப் பழக்கத்தில் நினைத்துக்கொண்டு ஒருநாளும் படித்ததில்லை.

போன குளிர்காலத்தில் கூட வேலை செய்கிறவர் ஒரு நாவல் கொடுத்தார். 1942, பெல்வில் பக்கம் குடியிருக்கும் ஒரு யூதத் தையல்காரர் குடும்பம். விடியுமுன் கதவைத் தட்டுகிறார்கள், திறந்தால் நிற்பது ஜெர்மன் சிப்பாய் இல்லை, பாரிஸ் போலீஸ். எனக்கு ஒட்டவேயில்லை. நாஜிகள் செய்ததைத் தூக்கிப் பிரெஞ்சுக்காரர் தலையில் போடுகிறாரே, கதைக்குக் காரம் சேர்க்கிறார் என்று கடுப்போடுதான் படித்தேன்.

அப்புறம் தேடிப் பார்த்தால் எல்லாம் நிஜம். ஜூலை 16, 17, இரண்டே நாளில் 13,000 பேருக்கு மேல் பிடித்தது பிரெஞ்சுப் போலீஸ்தான், அதில் 4,000க்கும் அதிகமானோர் குழந்தைகள். பிள்ளைகுட்டிக்காரர்களை ஐஃபல் கோபுரத்துக்குக் கொஞ்ச தூரத்தில் இருந்த சைக்கிள் பந்தய அரங்கில் அடைத்தார்கள். கண்ணாடிக் கூரை, ஜூலைப் புழுக்கம், குடிக்கத் தண்ணீருக்கே திண்டாட்டம், ஜன்னல் வழியே தப்பிவிடுவார்கள் என்று கழிப்பறைகளில் பாதிக்குப் பூட்டு. நாவலில் இது நாலு பக்கம்கூட இல்லை, அதை மூன்று நாள் படித்தேன். 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களை ஜெர்மன்காரர்கள் முதலில் கேட்கவேயில்லை, அவர்களையும் சேர்த்து அனுப்பலாம் என்றது, ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரெஞ்சு விஷி அரசின் பிரதமர் லவால். அப்படியும் ஒன்றாக அனுப்பவில்லை. தடுப்பு முகாமில் தாயைப் பிரித்து முதலில் ரயிலேற்றிவிட்டு, பிள்ளைகளைப் பிறகு ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பினார்கள். இதை ஒரு பிரெஞ்சு அதிபர் வாய்விட்டு ஒப்புக்கொள்ள 1995 வரை ஆனது.

மறுநாள் பலகையைப் படித்தேன். யூதர்களாகப் பிறந்ததால் நாடுகடத்தப்பட்ட பிள்ளைகள், பிடித்தது விஷி அரசின் போலீஸ், எல்லாம் அதிலேயே எழுதியிருக்கிறது. மூன்று வருடமாக அதன் கீழே நின்றுதான் மகனுக்கு மூக்குத் துடைத்துவிட்டிருக்கிறேன்.

* * *

அக்கா, உங்கள் பலகைக் கதையைப் படித்தேன். நான் பாரிசுக்குப் பக்கத்துத் திரான்சியில் பார்சல் போடுகிறவன். அங்கே 'ப' வடிவத்தில் ஒரு குடியிருப்பு உண்டு. முன்னால் ஒரு சரக்கு ரயில் பெட்டி நிற்கிறதே என்று ஒரு பாட்டியிடம் கேட்டேன். போர்க்காலத்தில் அந்தக் குடியிருப்புதான் தடுப்பு முகாமாம். பிரான்சிலிருந்து அனுப்பப்பட்ட சுமார் 76,000 யூதர்களில் 63,000 பேர் அளவில் இந்த முகாம் வழியாகத்தான் போனார்களாம். இன்றும் அதில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். மூன்றாம் மாடியில் பார்சல் கொடுத்தபோது உள்ளே வெங்காயம் வதக்கும் வாசனை.

நாவல்களில் எனக்கு ஒரு மனத்தாங்கல். நல்ல போலீஸ்காரர் ஒருவர் கட்டாயம் வந்துவிடுவார். முன்கூட்டியே தகவல் கசியவிட்டவர்கள் நிஜமாகவே இருந்தார்கள், அன்று பிடிக்கவேண்டியவர்கள் என்ற பட்டியலில் இருந்த 27,000 சொச்சம் பேரில் பாதிப்பேர் சிக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம், சரி. ஆனால் அவருக்கு ஒரு அத்தியாயமே கொடுத்துவிட்டு, மற்ற ஆயிரக்கணக்கான போலீஸ்காரர்கள் அன்று வேலை முடிந்து வீட்டுக்குப் போய் என்ன சாப்பிட்டார்கள் என்று ஒருவரும் எழுத மாட்டேன் என்கிறார்கள்.

திரான்சிக் குடியிருப்புக்கு எதிரே 2012இல் திறந்த நினைவகம் இருக்கிறது. உங்கள் மகனையும் கூட்டிப் போவதானால் சனிக்கிழமை வேண்டாம், மூடியிருக்கும்.